லாங் என்றால் எவ்வளவு நீளம்?

(மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை)



அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அமிர்தத்துக்கு மட்டுமல்ல, நாம் லேப்பில் எழுதும் சி புரோகிராமில் இருக்கும் எண்களுக்கும் இந்தப் பழமொழி பொருந்தும். இதை நான் தெரிந்துகொண்டது புத்தகத்தில் அல்ல. எங்கள் ஊர்ப் பால் சங்கத்து வாசலில், நூற்றுச் சொச்சம் பேருக்கு நடுவில், தலையைக் குனிந்து நின்றபோதுதான் தெரிந்துகொண்டேன். அந்த நிலைமை உங்களில் ஒருவருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்னக் குறிப்பு. சி மொழிச் சொற்களை நாம் வாயால் சொல்கிற மாதிரியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எட்டில் வந்த வினை

முதன்முதலில் சி லேப்புக்குப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? ஃபேக்டோரியல் புரோகிராம் எழுதாதவர் நம்மில் யார்? டர்போ சியில் 5 கொடுத்தால் 120 வரும். 7 கொடுத்தால் 5040 வரும். 8 கொடுத்தால்? 40320 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 25216 என்று வந்து நிற்கும். "சிஸ்டம் மக்கர் பண்ணுதுடா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து சிஸ்டத்துக்கு மாறி உட்கார்ந்தவன் நான். அங்கேயும் அதே மைனஸ்!

சிஸ்டத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. டர்போ சியில் இன்ட் என்பது 16 பிட். அதில் 32767 வரைதான் வைக்க முடியும். 40320ஐத் திணித்தால் அதில் 65536 கழிந்து மைனஸ் 25216 ஆகிவிடுகிறது. இதே புரோகிராமை லினக்ஸில் ஓட்டினால் 40320 என்று ஒழுங்காக வரும். அங்கே இன்ட் 32 பிட்.

அப்பாடா, தீர்ந்தது பிரச்சினை என்று எழுந்துவிடாதீர்கள். அங்கே 13 கொடுத்துப் பாருங்கள். வர வேண்டியது 6227020800. வருவதோ 1932053504. மைனஸ் வந்தாலாவது தப்பு என்று கண்ணுக்குத் தெரியும். பிளஸ்ஸில் வருகிற தப்பை யார் கண்டுபிடிப்பது?

முதல் வருஷத்தில் இதையெல்லாம் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதோடு மறந்துவிட்டேன். மறந்ததற்கான விலையைப் பிறகு கொடுத்தேன்.

பால் கணக்கு

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நம்பர் தெரியும். பஸ் நம்பர், சந்தையில் மாட்டு விலை, பால் கார்டில் போட்டிருக்கும் லிட்டர், இதையெல்லாம் அவரை ஏமாற்றிவிட முடியாது. வீட்டில் இரண்டு கறவை மாடு. காலையிலும் சாயங்காலமும் ஊர்ப் பால் சங்கத்தில் ஊற்றுகிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா. என்னுடைய செமஸ்டர் ஃபீஸ் அந்தப் பணத்தில் இருந்துதான் வருகிறது.

சங்கத்துச் செயலாளர் எனக்குச் சித்தப்பா முறை. போன வருஷம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஏன் சாமி, கம்ப்யூட்டருதான படிக்கிற? இந்த நோட்டுக் கணக்க அந்தப் பொட்டில ஏத்திக் குடேன். ராத்திரி பத்து மணி வரைக்கும் கூட்டிக் கூட்டிக் கண்ணே போச்சு" என்றார். சங்கத்தில் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரும் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் துணி போர்த்திக் கிடந்தன.

எனக்குத் தலைகால் புரியவில்லை. லேப்பில் லினக்ஸில் உட்கார்ந்து எழுதினேன். காசை ஃப்ளோட்டில் வைத்தால் பைசா பிசகும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் எல்லாத் தொகையையும் பைசாவாக்கி, "பெருசா இருக்கட்டும்" என்று லாங் வேரியபிளில் வைத்தேன். லேப்பில் பத்து வருஷக் கணக்கைப் போட்டுப் பார்த்தும் சரியாக வந்தது. பென் டிரைவில் எடுத்துப்போய், சங்கத்துக் கம்ப்யூட்டரில் ஒரு பழைய மிங்ஜிடபிள்யூ கம்பைலரை ஏற்றி, அங்கேயே கம்பைல் செய்து கொடுத்தேன். ஏப்ரல் 1 அன்று ஆரம்பம். சித்தப்பா பார்க்கிறவர்களிடம் எல்லாம் "நம்ம பையன் செஞ்சது" என்று சொல்லிக்கொண்டார்.

பத்து மாதம் ஒரு குறையும் இல்லை. பிப்ரவரி முதல் தேதி போன் வந்தது. "தம்பி, சங்கம் ரெண்டு கோடி ரூபா கடன்ல இருக்குதுன்னு உன் கம்ப்யூட்டர் சொல்லுதே!"

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்குச் சுமார் 2000 லிட்டர், லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 70000 ரூபாய். பைசாவில் 70 லட்சம். 32 பிட்டில் வைக்கக்கூடிய பெரிய எண் 2147483647. அதை 70 லட்சத்தால் வகுத்தால் 306 நாளும் கொஞ்சமும். ஏப்ரல் 1இல் இருந்து எண்ணினால் 307ஆவது நாள் எது தெரியுமா? பிப்ரவரி 1! அன்றைக்கு மொத்தம் 214 கோடியே 90 லட்சம் பைசா. அது 32 பிட்டில் அடங்காமல் மைனஸ் 2145967296 பைசாவாக, அதாவது மைனஸ் இரண்டு கோடியே பதினாலரை லட்சம் ரூபாய்ச் சொச்சமாக மாறிவிட்டது.

ஆனால் லேப்பில் பத்து வருஷக் கணக்கே சரியாக வந்ததே, அது எப்படி?

ஒரே பெயர், வேறு வேறு அளவு

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சி மொழியில் லாங் என்பது ஒரு பெயர்தானே தவிர ஓர் அளவு அல்ல. சி தரவிதி சொல்வதெல்லாம் குறைந்தபட்ச அளவுகள்தாம். இன்ட் 16 பிட்டுக்குக் குறையக்கூடாது, லாங் 32 பிட்டுக்குக் குறையக்கூடாது, லாங் லாங் 64 பிட்டுக்குக் குறையக்கூடாது. அதற்கு மேல் எவ்வளவு என்பது அந்தந்தக் கம்பைலர், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் முடிவு. கீழே உள்ளதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

டாஸ், டர்போ சி: இன்ட் 16, லாங் 32.
32 பிட் விண்டோஸ்: இன்ட் 32, லாங் 32.
32 பிட் லினக்ஸ்: இன்ட் 32, லாங் 32.
64 பிட் விண்டோஸ்: இன்ட் 32, லாங் 32, பாயின்டர் 64.
64 பிட் லினக்ஸ், மேக்: இன்ட் 32, லாங் 64, பாயின்டர் 64.

கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். இரண்டுமே 64 பிட்தான். ஆனாலும் லாங் ஒன்றில் 32, இன்னொன்றில் 64! 1990களில் 64 பிட் வந்தபோது யூனிக்ஸ்காரர்கள் லாங்கையும் பாயின்டரையும் சேர்த்து 64 ஆக்கினார்கள். இதற்கு எல்பி64 என்று பெயர். விண்டோஸில் அதுவரை எழுதப்பட்டிருந்த ஏராளமான புரோகிராம்கள் லாங் 32 பிட் என்றே நம்பி எழுதப்பட்டவை. அவை உடையக்கூடாது என்று மைக்ரோசாஃப்ட் லாங்கைத் தொடாமல் விட்டுவிட்டது. இதற்கு எல்எல்பி64 என்று பெயர். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நடுவில் மாட்டிக்கொள்வது நம்மைப் போன்றவர்கள்தான்.

இதை வீட்டில் அப்பாவிடம் சொல்ல முயன்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "படி மாதிரியா? அந்தக் காலத்துல ஊருக்கு ஊரு படி மாறும். பேரு மட்டும் படிதான். லிட்டர் வந்தப்புறம்தான் அந்தத் தகராறு போச்சு" என்றார். நண்பர்களே, இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. லாங் என்பது படி. நமக்கு வேண்டியது லிட்டர்.

சைபர் லிட்டர்

சரி, அளவுதானே போதவில்லை என்று பைசா வேரியபிள்களை எல்லாம் லாங்கில் இருந்து லாங் லாங் ஆக மாற்றினேன். லாங் லாங் என்பது எங்கேயும் 64 பிட்டுக்குக் குறையாது. லேப்பில் கம்பைல் செய்தேன். திரையில் நாலைந்து வார்னிங் வந்தது. "வார்னிங்தானே, எரர் இல்லையே" என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், நீளமான இங்கிலீஷ் வாக்கியத்தைக் கண்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். ஓட்டிப் பார்த்தேன், விடை சரி. சங்கத்தில் போய் ஏற்றிவிட்டு வந்தேன். மைனஸ் போய்விட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

பிப்ரவரி 15 பட்டுவாடா. முதல்நாள் ராத்திரியே அச்சடித்து போர்டில் ஒட்டியிருந்தார்கள். உறுப்பினர் எண், தொகை, பால் என்று மூன்று காலம். எங்கள் அப்பாவின் எண் 43. அதில் தொகை 413000 பைசா என்று சரியாக இருந்தது. பால்? சைபர். எங்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் சைபர். எழுபது வயது ஆயா ஒருத்தி, "ரெண்டு வேளையும் நான் ஊத்துனது பாலா தண்ணியா?" என்று செயலாளரிடம் சண்டைக்குப் போனார். "பால மறைச்சு ஏதோ பண்றாங்க" என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. இருபது வருஷமாகக் கையால் கணக்கு எழுதி ஒரு பைசா பிசகாத மனுஷனை, என் புரோகிராம் ஒரே காலையில் திருடன் மாதிரி நிறுத்திவிட்டது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. போர்டில் 43க்கு நேரே இருந்த சைபரையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா அன்று ராத்திரி வரை உட்கார்ந்து எல்லோருக்கும் கையாலேயே சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பால் எங்கே போனது?

நான் வேரியபிளை மாற்றினேன், பிரின்ட்எஃப்பில் இருந்த ஃபார்மட்டை மாற்றவில்லை. என்னுடைய வரி இப்படி இருந்தது:

பிரின்ட்எஃப்("%டி %எல்டி %டி\என்", எண், தொகை, பால்);

பிரின்ட்எஃப் என்ன செய்கிறது என்று பாருங்கள். நாம் கொடுக்கும் எண்கள் மெமரியில் வரிசையாக அடுக்கப்படுகின்றன. எது எத்தனை பைட் என்று அந்தப் ஃபங்ஷனுக்குத் தானாகத் தெரியாது. நாம் எழுதும் % குறிகளை நம்பித்தான் அது எடுக்கிறது. அதாவது ஃபார்மட் என்பது நாம் கொடுக்கும் வாக்கு. வாக்குத் தவறினால்?

சங்கத்துக் கம்ப்யூட்டர் 32 பிட். அங்கே %எல்டி என்றால் 4 பைட். ஆனால் லாங் லாங் தொகை 8 பைட். பிரின்ட்எஃப் முதல் 4 பைட்டை எடுத்து 413000 என்று அச்சடித்தது. தொகை சிறியது என்பதால் மீதி 4 பைட்டில் இருந்தது வெறும் சைபர். அடுத்த %டி வந்தபோது அந்த மிச்சத்தை எடுத்து "பால் 0" என்று அச்சடித்துவிட்டது. உண்மையான 118 லிட்டர் யாரும் தொடாமல் மெமரியில் பின்னால் அப்படியே கிடந்தது. எட்டு லிட்டர் கேனில் இருந்து நாலு லிட்டரை மட்டும் முதல் ஆளுக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தை அடுத்த ஆள் பாத்திரத்தில் ஊற்றிய கதைதான்.

அப்படியென்றால் லேப்பில் ஏன் சரியாக வந்தது? 64 பிட் லினக்ஸில் லாங்கும் 8 பைட், லாங் லாங்கும் 8 பைட். தப்பான குறி போட்டும் அளவு ஒத்துப்போனது. தப்பு இருந்தது, வெளியே தெரியவில்லை. அதோடு 64 பிட் கணினிகளில் ஒவ்வொரு எண்ணும் தனித்தனி ரெஜிஸ்டரிலோ 8 பைட் இடத்திலோ போவதால், குறி தப்பினாலும் அடுத்த எண் இப்படி நகர்வதில்லை. ஆகவே "என் சிஸ்டத்தில் சரியாக ஓடுது" என்பது சரி என்பதற்குச் சாட்சி அல்ல.

இன்னொன்று. அந்த நாலைந்து வார்னிங்கைப் பிறகு உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். "%எல்டி என்று போட்டால் லாங் வர வேண்டும், நீ கொடுத்திருப்பது லாங் லாங்" என்று வரி எண்ணோடு சொல்லியிருந்தது. என் தப்பை எனக்கு முன்பே ஒருவன் பார்த்துச் சொல்லியிருக்கிறான். காது கொடுக்காதவன் நான்தான்.

இரண்டாவது அடி

பிறகு %எல்டியை %எல்எல்டி ஆக மாற்றினேன். லாங் லாங்குக்கு சி தரவிதி சொல்லும் சரியான குறி அதுதான். லேப்பில் வார்னிங் போனது. நம்பிக்கையோடு சங்கத்துக்குப் போய் ஓட்டினால், அப்பவும் சைபர்!

காரணம் கம்பைலர் அல்ல, லைப்ரரி. பிரின்ட்எஃப் என்பது சி மொழியின் உள்ளே இருப்பதல்ல. அது ஒரு லைப்ரரி ஃபங்ஷன். மிங்ஜிடபிள்யூ கம்பைலர் விண்டோஸோடு வரும் எம்எஸ்விசிஆர்டி என்ற லைப்ரரியைத்தான் கூப்பிடுகிறது. லாங் லாங் சி மொழியில் அதிகாரபூர்வமாக வந்தது 1999ஆம் ஆண்டுத் தரவிதியில். அதற்கு முன்பே மைக்ரோசாஃப்ட் தன் 64 பிட் எண்ணுக்கு %ஐ64டி என்று சொந்தக் குறி வைத்திருந்தது. எக்ஸ்பியில் இருக்கும் லைப்ரரிக்கு அந்தக் குறிதான் புரியும். இரண்டு எல் போட்டால் ஒரு எல் போட்ட மாதிரியே எடுத்துக்கொண்டு 4 பைட்டோடு நிறுத்திவிடும்.

சரி, %ஐ64டி என்றே போட்டுவிடலாமா? சங்கத்தில் ஓடும், லேப்பில் லினக்ஸில் ஓடாது. அங்கே ஐ என்ற எழுத்துக்கு வேறு அர்த்தம். ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு காப்பி வைத்துக்கொண்டு திருத்துவதா? திருத்துகிறவன் ஒருநாள் மறப்பான். மறுபடி சைபர் வரும்.

மருந்து

1999ஆம் ஆண்டுத் தரவிதியே இதற்கு மருந்தும் கொடுத்திருக்கிறது. இன்ட்டைப்ஸ்.எச் என்று ஒரு ஹெடர் ஃபைல். அதைச் சேர்த்தால் எஸ்டிடிஇன்ட்.எச் தானாக உள்ளே வந்துவிடும். அதில் நமக்கு வேண்டிய லிட்டர் இருக்கிறது.

இன்ட்32_டி என்றால் சரியாக 32 பிட். இன்ட்64_டி என்றால் சரியாக 64 பிட். முன்னால் யூ சேர்த்தால் மைனஸ் இல்லாத எண். கடைசியில் வரும் டி, டைப் என்ற சொல்லின் முதலெழுத்து. எந்த ஊரில் அளந்தாலும் இந்த அளவு மாறாது.

அளவு நிலையாகிவிட்டது. அச்சிடும் குறி? அதற்கு பிஆர்ஐடி64 என்று ஒரு மேக்ரோ. இதில் பி, ஆர், ஐ மூன்றும் பெரிய எழுத்து, டி சின்ன எழுத்து. 64 பிட் லினக்ஸில் இது எல்டி என்று விரியும். மேக்கில் எல்எல்டி என்று விரியும். சங்கத்தில் இருந்த மிங்ஜிடபிள்யூவில் ஐ64டி என்று விரியும். எந்த ஊருக்கு எந்தக் குறி என்பதை அந்த ஊரின் ஹெடர் ஃபைலே சொல்லிவிடுகிறது. நாம் ஒருமுறை எழுதினால் போதும்:

பிரின்ட்எஃப்("%டி %" பிஆர்ஐடி64 " %டி\என்", எண், தொகை, பால்);

பார்த்தால் விசித்திரமாக இருக்கும். சி மொழியில் அடுத்தடுத்து இரண்டு ஸ்ட்ரிங் வந்தால் கம்பைலர் அவற்றை ஒட்டி ஒரே ஸ்ட்ரிங் ஆக்கிவிடும். மேக்ரோவும் ஒரு ஸ்ட்ரிங்தான் என்பதால் மூன்றும் சேர்ந்து ஒரே ஃபார்மட் ஆகிறது. கவனிக்க வேண்டியது: மேக்ரோவுக்குள் % குறி கிடையாது. முன்னால் நாம்தான் போட வேண்டும். முதல்முறை நான் மறந்தேன், நீங்களும் மறப்பீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. மைனஸ் இல்லாத எண்ணுக்கு பிஆர்ஐயு64. ஹெக்ஸாடெசிமலுக்கு பிஆர்ஐஎக்ஸ்64. 32 பிட்டுக்கு 64 என்ற இடத்தில் 32.

2. ஸ்கேன்எஃப்புக்கு இந்த மேக்ரோ ஆகாது. அதற்கு எஸ்சிஎன்டி64 என்று தனி மேக்ரோ. ஸ்கேன்எஃப்பில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். பிரின்ட்எஃப் தப்பாகப் படிக்கும், ஸ்கேன்எஃப் தப்பாக எழுதும். 64 பிட் லினக்ஸில் இன்ட் வேரியபிளுக்கு %எல்டி போட்டால், 4 பைட் இடத்தில் 8 பைட்டை எழுதிப் பக்கத்து வேரியபிளை அழித்துவிடும்.

3. சைஸ்ஆஃப், எஸ்டிஆர்லென் ஆகியவை கொடுப்பது சைஸ்_டி. அதற்குச் சரியான குறி %இசட்யூ. பழைய விண்டோஸ் லைப்ரரிக்கு இது புரியாது. அங்கேயும் ஓட வேண்டுமென்றால் மதிப்பை யூஇன்ட்64_டி ஆக காஸ்ட் செய்து பிஆர்ஐயு64 போடுங்கள்.

4. லாங் வேரியபிளை எஃப்ரைட் மூலம் அப்படியே ஃபைலில் எழுதாதீர்கள். லேப்பில் 8 பைட்டாக எழுதியதைச் சங்கத்தில் 4 பைட்டாகப் படித்தால் கணக்கு முழுவதும் குழம்பும். இன்ட்64_டி வைத்து டெக்ஸ்ட் ஃபைலாக எழுதுவது பத்திரம்.

5. எப்போதும் டபிள்யூ ஆல் என்ற சுவிட்சைப் போட்டுக் கம்பைல் செய்யுங்கள். இரண்டு சிஸ்டத்திலும் போடுங்கள். சங்கத்துக் கம்பைலரில் அதைப் போட்டிருந்தால் %எல்எல்டி எனக்குப் புரியவில்லை என்று அதுவே முன்கூட்டிச் சொல்லியிருக்கும். டபிள்யூ எரர் என்பதையும் சேர்த்தால் வார்னிங் இருக்கும்வரை புரோகிராமே உருவாகாது. என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கு அதுதான் சரி.

மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோவிலும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்து இன்ட்டைப்ஸ்.எச் உண்டு. அதனால் எங்கள் சிஸ்டத்தில் அது இல்லையே என்ற சாக்கு இப்போது செல்லாது.

நமக்கு மட்டுமா?

பால் சங்கத்து விஷயத்துக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா என்று சிலர் நினைக்கலாம். 2014 டிசம்பரில் உலகமே இதைப் பேசியது. கங்னம் ஸ்டைல் என்ற கொரியப் பாட்டு யூடியூபில் பார்க்கப்பட்ட தடவைகளின் எண்ணிக்கை 2147483647ஐத் தாண்டியது. எங்கள் சங்கத்தை மைனஸில் தள்ளிய அதே எண்! அந்த எண்ணிக்கையை யூடியூப் 64 பிட்டுக்கு மாற்ற வேண்டி வந்தது.

இன்னொரு தேதியும் வரப்போகிறது. யூனிக்ஸ் வகைக் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகளை எண்ணித்தான் நேரம் சொல்கின்றன. அதை 32 பிட்டில் வைத்திருக்கும் கணினிகளில் 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு எண் நிரம்பிவிடும். இதற்குத் தயாராக ஓப்பன்பிஎஸ்டி என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் 2014 மே மாதம் வந்த 5.5 பதிப்பில் எல்லாக் கணினிகளிலும் நேரத்தை 64 பிட் ஆக்கியது. டைப்பை மாற்றுவது ஒரு வரி வேலைதான். ஆனால் நேரத்தை அச்சிடும் இடங்களை எல்லாம் தேடிப் பிடித்து, லாங் லாங் ஆக காஸ்ட் செய்து, ஃபார்மட்டை %எல்எல்டி என்று திருத்த வேண்டியிருந்தது. அதாவது நான் செய்ய மறந்த அதே இரண்டாவது வேலை. அவர்கள் மறக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

43ஆம் எண்

பிப்ரவரி கடைசிப் பட்டுவாடாவுக்கு முன்னால் சித்தப்பாவிடம் போய், "இன்னொரு வாய்ப்புக் குடுங்க சித்தப்பா" என்று கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நானும் மொதல்ல கணக்கு எழுதறப்ப எத்தன அடிச்சு அடிச்சு எழுதியிருக்கறன். செய்யி சாமி. ஆனா இந்தத் தடவ போர்டுல ஒட்டறதுக்கு முன்னால நோட்டோட ஒத்துப் பாத்துரலாம்" என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தோம். கம்பைலரில் ஒரு வார்னிங் இல்லை. தாளில் ஒரு சைபர் இல்லை. ஒத்துப் பார்க்காமல் எதையும் ஒட்டுவதில்லை என்பது இப்போது சங்கத்தில் பழக்கமாகிவிட்டது. உண்மையில் அதுதான் டெஸ்டிங். நமக்கு அதை ஒரு பாடமாக வைத்திருக்கிறார்கள், சித்தப்பா அதைப் பாடம் படிக்காமலே செய்கிறார்.

மறுநாள் காலை அப்பா போர்டின் முன்னால் நின்று 43ஐத் தேடினார். விரலை வைத்துத் தொகையைப் பார்த்தார். பக்கத்துக் காலத்துக்கு விரலை நகர்த்தி லிட்டரைப் பார்த்தார். பிறகு பால் கார்டை எடுத்து அதோடு ஒத்துப் பார்த்தார். "சரியா இருக்குது" என்றார். எனக்குச் செமஸ்டர் ரிசல்ட் வந்த நாளில்கூட அவ்வளவு நிம்மதி இருந்ததில்லை.

நண்பர்களே! எங்கள் அப்பாவைப் போல எண்ணை மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். கம்ப்யூட்டர் அச்சடித்துவிட்டால் அதை எதிர்த்துக் கேட்க அவர்களுக்குத் தயக்கம். நாளைக்கு நாம் எழுதப்போகும் புரோகிராம்கள் பால் கணக்கையும், ரேஷன் கணக்கையும், சம்பளக் கணக்கையும் அச்சடிக்கும். அதில் ஒரு % குறி தப்பினால் அது நமக்கு ஒரு பக். அவர்களுக்கு அது பதினைந்து நாள் உழைப்பு.

ஆகவே டைப்பின் பெயரை நம்பாதீர்கள், அளவைச் சொல்லி எழுதுங்கள். குறியை மனப்பாடமாகப் போடாதீர்கள், ஹெடர் ஃபைலிடம் கேளுங்கள். வார்னிங் வந்தால் எழுத்துக்கூட்டியாவது படியுங்கள். இங்கிலீஷ் வராது என்று வெட்கப்பட வேண்டாம். எனக்கும் வராது. படிக்கப் படிக்கத்தான் வருகிறது.